எல்லாம் புரிந்த பட்டன்

தன்ஷிகாவுக்கு மூன்றரை வயது ஆகியும் ஒரு வார்த்தை பேசத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், இவளைப் போல வாயாடிக் குழந்தையைத் திருப்பூரிலேயே பார்க்க முடியாது என்று சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். அவள் சட்டைக் காலரில் தைத்திருந்த பட்டன் பேசியது.

அதைச் செய்த கம்பெனி அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. பனியன் ஊரில் அந்தப் பெயர் எடுபடவில்லை. பார்க்கச் சட்டைப் பட்டன் மாதிரி இருந்ததால் பட்டன் என்றே ஆகிவிட்டது. குழந்தை "ம்பூ" என்று எதையோ சொல்லிக் கையை நீட்டும். பட்டன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொள்ளும். கை எந்தப் பக்கம் நீள்கிறது, கண் எங்கே போகிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, உடம்பு சுடுகிறதா என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும். பிறகு தெளிவான குழந்தைக் குரலில், "அம்மா, எனக்குத் தண்ணி வேணுங்க" என்று சொல்லும். அந்தக் குரலும் ஊருக்கெல்லாம் பொதுவான குரல் இல்லை. அம்மாவின் குரலையும் அப்பாவின் குரலையும் வாங்கிக்கொண்டு, இந்தக் குழந்தை ஐந்து வயதில் பேசினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த குரல்.

பேசவே முடியாத குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்த சாதனம் அது. நல்ல காரியத்துக்காகத்தான் செய்தார்கள். பேசும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பெற்றோர்கள் கைக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆகவில்லை. பொறுமையில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. நேரமில்லை.

தன்ஷிகாவின் அம்மா சுகந்தி ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி வேன் வரும்போது குழந்தை அரைத் தூக்கத்தில் இருக்கும். இருட்டிய பிறகு வேன் கொண்டுவந்து விடும்போது குழந்தை அடுத்த தூக்கத்துக்குத் தயாராக இருக்கும். நடுவில் மிச்சமாகிற கொஞ்ச நேரம்தான் அவளுக்கு மகள். பட்டன் வருவதற்கு முன்னால் அந்தக் கொஞ்ச நேரமும் "ம்பூ"வுக்கு அர்த்தம் தேடுவதிலேயே போய்விடும். பட்டன் வந்த பிறகு மகளின் ஒரு முழு நாளே கேட்கக் கிடைத்தது.

அன்றாடம் நடப்பது இதுதான். சுகந்தி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவாள். மதியமே ஷிப்ட் முடிந்து, மழலைப் பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டி வந்திருக்கும் கணவன் தனபால் செல்போனில் மூழ்கியிருப்பான். தன்ஷிகா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தரையில் தேய்த்துக்கொண்டிருப்பாள். தலையைத் தூக்காமலே "ங்ஙா" என்பாள்.

"அம்மா, வந்துட்டீங்களா? உங்களைத்தான் நெனச்சுட்டே இருந்தனுங்க" என்று பட்டன் சொல்லும்.

நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்ற அலுப்பு அத்தோடு போகும். சுகந்தி ஓடிப்போய்ப் பட்டனை இரண்டு தட்டுத் தட்டி, அப்படியே கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். குழந்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். "வெக்கத்தைப் பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த இரண்டு தட்டு பட்டனோடு வந்த வழக்கம். பட்டன் சொன்னது சரியாக இருந்தால் தட்ட வேண்டும், இல்லையென்றால் சும்மா விட வேண்டும். அப்படித்தான் அது அந்தந்தக் குழந்தையின் மழலையைக் கற்றுக்கொள்ளும். ஆரம்பத்தில் பட்டன் "அம்மா, இங்க வா" என்றது. சுகந்தி தட்டவில்லை. "அம்மா, இங்க வாங்க" என்றபோது தட்டினாள். பெற்றவளை மரியாதையாகக் கூப்பிடுகிற பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? சீக்கிரமே தன்ஷிகா ஊரையே "ங்க" போட்டுப் பேசும் குழந்தையாகிவிட்டாள். மதியச் சாப்பாட்டின்போது டப்பாவைத் திறந்ததும் முதல்நாள் மகள் என்ன சொன்னாள் என்று சுகந்தி ஆரம்பித்துவிடுவாள். பக்கத்து லைன் பெண்கள் பொறாமையோடு கேட்பார்கள். அவர்கள் வீட்டுப் பட்டன்களும் பேசத்தான் செய்தன. இந்தளவுக்கு இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மெர்லின் மிஸ் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வரச் சொன்னாள்.

மெர்லின் மிஸ் தன் வீட்டின் முன்பக்கத்தில் மழலைப் பள்ளி நடத்துபவள். சுகந்தி வயதுதான் இருக்கும். பட்டனை அந்தப் பகுதிக்கே அறிமுகப்படுத்தியது அவள்தான். இப்போது சுகந்தியை உள்ளே விடாமல் பாதிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, "சும்மா பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தைகள் நடுவில் போய் உட்கார்ந்தாள். படப் புத்தகத்தை விரித்தாள். ஒரு யானை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற கதை.

குழந்தைகள் "ஊ" என்றன, "ப்பா" என்றன. காலரில் இருந்த பட்டன்கள் பேசின.

"மிஸ், யானை கட்டிலுக்கு அடியில போவுமாங்க?"

"மிஸ், எங்கூட்டுக் கட்டில் ஒடஞ்சு போயிருமுங்க."

"மிஸ், யானைக்குத் தும்மல் வந்தா என்ன பண்றதுங்க?"

வெள்ளிக் கிண்ணத்தைச் சுண்டிய மாதிரி ஒவ்வொரு குரலும். சுகந்திக்கு வாயெல்லாம் பல். ஒரு மூலையில் இரண்டு பையன்கள் ஒரு பொம்மைக் காரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்ச நேரம் வெளையாடிட்டுத் தர்றனுங்க" என்றது ஒரு காலர். "சரிங்க, காத்திருக்கறேன்" என்றது இன்னொன்று. பையன்கள் காரை விடவில்லை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவும் இல்லை. எதிராளியின் காலரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மெர்லின் மிஸ் எழுந்து வந்தாள்.

"வாயைக் கவனிச்சீங்களா சுகந்தி?"

"எல்லாம் நல்லாத்தானுங்க மிஸ் பேசுதுக."

"பட்டன் பேசுது. பிள்ளைங்க பேசல."

"பேசிரும் மிஸ். என்ற அண்ணன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்."

"உங்க அண்ணனுக்குப் பேசியே ஆகணும்னு ஒரு நெருக்கடி இருந்துச்சு. தண்ணி கேட்டா யாருக்கும் புரிஞ்சிருக்காது. அழுதிருப்பாரு, கையக் கால உதறியிருப்பாரு. கடைசியில வேற வழியில்லாம ஒருநாள் தண்ணின்னு சொல்லியிருப்பாரு. நமக்குப் புரியலங்கறதுனாலதான் சுகந்தி குழந்தைங்க பேசக் கத்துக்குதுங்க. இவங்களுக்கு அந்தத் தொந்தரவே இல்ல. முனகுனாப் போதும், முழுசா வந்துருது. அப்புறம் எதுக்கு நாக்கைப் புரட்டி மெனக்கெடணும்?"

 மிஸ் ஒரு தட்டை எடுத்துக் காட்டினாள். மணல் பரப்பிய தட்டு. அதில் யாரோ அழகாக ஓர் 'அ' போட்டிருந்தார்கள்.

"இது தன்ஷிகா போட்டது. கை நல்லாத்தான் ஓடுது. இது என்னன்னு கேட்டா பட்டன் சொல்லுது. எழுத்துங்கறது வாயில வர்ற சத்தத்துக்குப் போடற படம். வாயில சத்தமே வராத பிள்ளைக்கு இது என்னங்க? வெறும் கோலம்."

"இப்ப என்ன பண்ணோணும்கறீங்க?"

"கழட்டிரணும். இந்த வயசுல வரவேண்டியது தாண்டிப் போச்சுன்னா, அப்புறம் என்ன முட்டுனாலும் முழுசா வராது. இப்பக் கழட்டுனா வந்துரும்னு நம்பறேன். எப்ப வரும்னு கேக்காதீங்க. அதுவரைக்கும் உங்க பொண்ணு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டா. அதையும் நான் சொல்லிரணும்."

"நீங்கதான மிஸ் வாங்கச் சொன்னீங்க?"

"நான்தான்" என்றாள் மெர்லின். தட்டிலிருந்த மணலை ஆட்டிச் சமன் செய்தாள். அதுவரை ஒரு பெற்றோரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும், ஒருவர் கோபித்துக்கொண்டு பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார் என்பதும் சுகந்திக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் சொன்னதும் தனபால் எகிறினான்.

"நல்லாப் பேசிட்டிருக்கற புள்ளைய ஊமையாக்கோணுமா? அந்த மிஸ்ஸுக்கு வேற பொழப்பு இல்லையா?"

"ஏனுங், புள்ள பேசலீங்களாமா. பட்டன்தான் பேசுதாமா."

"கண்ணாடி போட்டுட்டுப் பாத்தா கண்ணாடிதான் பாக்குதுன்னு சொல்லுவியா? உள்ள இருக்கறது அவளோட பேச்சுதான."

நியாயமான கேள்விதான். சுகந்திக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது செய்வதைச் செய்தாள். குரலை உயர்த்தினாள். அவனும் உயர்த்தினான். கட்டிலடியில் உட்கார்ந்திருந்த தன்ஷிகா, "க்கா" என்று ஒரு சத்தம் போட்டாள்.

"அப்பா, அம்மா, சண்டை போடாதீங்க. எனக்கு ரெண்டு பேரும் வேணுங்க."

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். தனபால் போய்க் குனிந்து இரண்டு தட்டுத் தட்டினான். கண் கலங்கியிருந்தது. அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது, பட்டன்தான் ஜெயித்தது.

மறுநாள் வாராந்திர விடுமுறை. குழந்தையைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டு, சுகந்தி அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, "அம்மா சொல்லு கண்ணு. அம் மா" என்றாள்.

தன்ஷிகா உதட்டைப் பார்த்தாள். எதுவோ எதிர்பார்க்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. தலையைக் குனிந்து தன் காலரைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

"அம்மா" என்றது பட்டன்.

சொல்லியாகிவிட்டதே என்று தன்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள்.

சுகந்தி எழுந்து போய், பல் விளக்கிக்கொண்டிருந்த கணவனிடம், "வாய் எதுக்கு இருக்குதுன்னே அவளுக்குத் தெரியலீங்க" என்றாள். அவன் வாயில் நுரையோடு வந்து கதவருகில் நின்றான். அவள் மறுபடியும் சொல்லச் சொன்னாள். குழந்தை மறுபடியும் காலரைப் பார்த்தது. தனபால் திரும்பிப் போய் வாயைக் கொப்பளித்தான். வெகுநேரம் கொப்பளித்தான்.

தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு சுகந்தி வந்தாள். பிரிப்பதற்கு முன்னால் ஒருமுறை, ஒரே ஒருமுறை கேட்டுவிடலாம் என்று ஆசை வந்தது. இந்த மாதிரி நேரத்தில் அது வராமல் இருக்குமா?

"அம்மாவை உனக்குப் புடிக்குமா சாமி?"

தன்ஷிகா கொட்டாவி விட்டாள்.

"ரொம்பப் புடிக்குமுங்க" என்றது பட்டன்.

சுகந்தி நூலை அறுத்தாள். பட்டனை ஊசி டப்பாவில் போட்டு மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஒரு வார்த்தையில் சொன்னால் நரகம். தன்ஷிகா முனகுவாள், ஒன்றும் நடக்காது. காலரைப் பார்ப்பாள், தடவுவாள். பிறகு வீடு அதிரக் கத்துவாள். பள்ளியில் கடித்தாள், வீட்டில் தலையைச் சுவரில் மோதினாள். மெர்லின் மிஸ் சொல்லிக் கொடுத்த வைத்தியம் அதைவிடக் கொடுமை.

"அவளுக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி நில்லுங்க. தண்ணியா, பாலா? ரெண்டையும் காட்டிப் பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டு வாயைப் பாத்துக் காத்திருங்க. அவ உதட்டை அசைச்சாலே போதும், உடனே குடுத்துருங்க. புத்தகம் படிக்கறப்போ சும்மா படிச்சுட்டுப் போயிராதீங்க. நிறுத்துங்க. அவ கை வெக்கற படத்தைப் பேசுங்க."

பெற்ற தாய்க்குப் பிள்ளையின் தாகம் தெரியாத மாதிரி நடிப்பது எப்படி என்று ஒரு மிஸ்ஸும் சொல்லித் தருவதில்லை. சுகந்தி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். "தண்ணியா? பாலா?" குழந்தை அழுது அழுது மூக்கு ஒழுகும். சில நாள் அவள் தோற்றுப்போய்க் கொடுத்துவிடுவாள். சில நாள் தன்ஷிகா தோற்றுப்போய்த் தூங்கிவிடுவாள். புத்தகத்தை விரித்தால் யானை இருக்கும், கட்டில் இருக்கும், பதில் இருக்காது. சுகந்தி தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவாள்.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்து லைன் பெண்கள் இப்போது அவரவர் பட்டன் சொன்னதைச் சொன்னார்கள். சுகந்தி டப்பாவுக்குள் குனிந்து சாப்பிட்டாள்.

அவளுக்கு மகள் மேல் ஏக்கமாக இருந்தது. மகள் பக்கத்திலேயே இருக்கும்போது மகளுக்காக ஏங்குவது எப்படிப்பட்டது என்று அவளால் யாருக்கும் விளக்க முடியவில்லை. மடியில் கனமாக, வியர்வை வாசனையோடு, மூக்கொழுகிக்கொண்டு ஒருத்தி இருந்தாள். "உங்களைத்தான் நெனச்சுட்டே இருந்தனுங்க" என்று சொன்ன ஒருத்தி இல்லாமல் போயிருந்தாள். அந்தக் குரலை மறுபடி கேட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று வேனில் வரும்போதெல்லாம் தோன்றும். தனபாலுக்கும் அப்படித்தான் இருந்தது போல. அவன் சொல்லவில்லை. அலமாரியின் மேல்தட்டை மட்டும் அடிக்கடி பார்த்தான்.

ஒரு விடுமுறை நாள் மதியம் அது முற்றியது. சோறு பிசைந்து தட்டில் வைத்திருந்தாள். தன்ஷிகா எதையோ கேட்டாள். அப்பளமா, முட்டையா, மடியா, கதையா? இந்தமுறை சுகந்தி நடிக்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் கத்தல் ஏறியது. தட்டு பறந்தது. சோறு சுவர் வரைக்கும் சிதறியது. தூக்கி அணைக்கப் போனவளின் முன்கையில் குழந்தை பல் பதியக் கடித்தது.

சுகந்தி ஓடிப்போய் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். டப்பாவைத் திறந்தாள். தைக்கப் பொறுமையில்லை. பட்டனின் துளையில் ஊக்கைக் கோத்துக் காலரில் குத்திவிட்டாள். "சொல்லு சாமி. என்ன வேணும்னு சொல்லு. அம்மாவுக்குப் புரியல."

தன்ஷிகா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அம்மாவின் மார்பில் மடேர் மடேரென்று அடித்துக் கத்தினாள்.

"அம்மா, உங்ககூட இருக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷமுங்க" என்றது பட்டன்.

குழந்தை உதைத்தது. மறுபடி கடிக்கப் பாய்ந்தது.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மா."

அதே குரல். அவள் ஏங்கின அதே வெள்ளிக் குரல். சத்தம் கேட்டு வந்த தனபால், தரையெல்லாம் கிடந்த சோற்றையும், மகளின் சிவந்த முகத்தையும் பார்த்தபடி நின்றான்.

"இது யார்றி பேசறது?" என்றான் மெதுவாக.

சுகந்தி ஊக்கைக் கழற்றினாள்.  பட்டனுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இத்தனை மாதமும் அது எதைக் கற்றுக்கொண்டதோ அதைத்தான் சொல்கிறது. "இங்க வா"வுக்குத் தட்டாமல் விட்டது யார்? "இங்க வாங்க"வுக்குத் தட்டியது யார்? எது சரி என்று பார்த்துத் தட்டச் சொன்னார்கள். எது இனித்ததோ அதற்குத் தட்டினார்கள். அந்த வீட்டில் மட்டுமில்லை, பட்டன் இருந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

மறுநாள் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மெர்லின் மிஸ்ஸிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். 

"எனக்கும் உறைக்கவே இல்ல சுகந்தி" என்றாள் மிஸ். "ஒரு பட்டன்கூட 'போ'ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. 'தரமாட்டேன்'னு சொல்லிக் கேட்டதில்ல. மூணு வயசுப் பிள்ளைங்களுக்கு முதல்ல வர்றதே அதுதான். அந்தக் காருக்கு ரெண்டு பயலுகளும் அப்படி இழுத்துட்டு நிக்கறானுங்க, பட்டன் 'சரிங்க'ங்குது. எவ்வளவு நல்ல பிள்ளைங்கன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்."

"அப்ப என்ற பொண்ணு இத்தன நாளா என்னதான் சொல்லிட்டிருந்தா மிஸ்?"

"தெரியல. அவதான் சொல்லணும்."

சுகந்தி அங்கேயே, குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழுதாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் இருந்தது குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆசை. ஆனால் பொய் என்று தெரிந்த பிறகும் அந்தப் பழைய குரல் மேல் இருந்த ஏக்கம் விட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்துவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் எதற்கும் ஏங்கிப் பழகாதவர்கள். வேனில் கண்ணை மூடினால் இன்னும் "வந்துட்டீங்களா?" கேட்டது.

பட்டனை அவள் அதைச் செய்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். தனபால் தடுக்கவில்லை. அவனே தபாலில் போட்டுவிட்டு வந்தான்.

தன்ஷிகா பேசிவிடவில்லை. ஆனால் காலரைத் தடவுவதை விட்டாள். அப்புறம் ஒருநாள், கதை படிக்கும்போது குழந்தை படத்தைப் பார்க்காமல் அம்மாவின் வாயையே பார்ப்பதைச் சுகந்தி கவனித்தாள். "யா... னை" என்று இழுத்தபோது குழந்தையின் தாடையும் கொஞ்சம் இறங்கியது. தும்பிக்கையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மூச்சை மட்டும் வெளியே விட்டாள். சுகந்தி மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாள் மிஸ் போன் செய்து, தன்ஷிகா சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பையனின் முகத்தைப் பிடித்துத் திருப்பி அவன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள் என்று சொன்னாள். பையனின் அம்மா அதற்கும் புகார் செய்தாளாம். சொல்லும்போது மிஸ் சிரித்துவிட்டாள்.

மழைக்காலம் வந்தது. கம்பெனியில் அவசர ஆர்டர் ஓடியது. ஒருநாள் வேனை விட்டுவிட்டு வராமல் இருந்தாலும் லைனை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு காலையில், தூக்கம் கலையாத மகளை மடிக்கு இழுத்து வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள் சுகந்தி. தன்ஷிகா சீப்பைத் தட்டிவிட்டாள். மடியிலிருந்து நழுவி இறங்கி, சுவரோரம் போய் நின்றுகொண்டாள். தாடை இறங்கியது. உதடு ஒட்டியது, பிரிந்தது. நெற்றியெல்லாம் சுருங்கி, கனமான எதையோ தூக்குகிற மாதிரி நின்றாள்.

"ம்மா" என்றாள். பிறகு, "அம்மா. வேணா."

சுகந்திக்கு முதலில் அந்தக் குரல்தான் விளங்கவில்லை. வெள்ளியும் இல்லை, கிண்ணமும் இல்லை. கரகரவென்று தடித்த குரல், ஜலதோஷம் பிடித்த ஆம்பளைப் பையன் மாதிரி. இப்படி ஒரு குரலை யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. தனபால் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் கையால் சும்மா இருக்கச் சொன்னாள்.

"என்ன கண்ணு சொன்ன?"

"அம்மா வேணா."

சந்தோஷமா, வலியா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் துடித்த கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏன் சாமி அம்மா வேணா?"

காட்டுவதற்கு அவள் கையில் தண்ணியும் இல்லை, பாலும் இல்லை. காத்திருந்தாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. தன்ஷிகா அந்தச் சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்பினாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். விரல் வாசலைக் காட்டியது.

"அம்மா போவும்."

"சுகந்தி, வேன்" என்றான் தனபால். ஹாரன் மறுபடி நீளமாக ஒலித்தது. அவளுடைய பையும் டப்பாவும் வாசலில் தயாராக இருந்தன. சுகந்தி எழுந்திருக்கவில்லை. ஹாரன் நின்றது. வண்டி கியர் மாறி, தேங்கிய மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும் வரை மகள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போச்சு" என்றாள்.

"போச்சு சாமி" என்றாள் சுகந்தி. இனி வராது என்று பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது. சொல்லவில்லை. "நாளைக்கு வரும்."

தன்ஷிகா யோசித்தாள். நாளை என்பது அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. வரும் என்பது விளங்கியது.

"வேணா" என்றாள்.

"எனக்கும் வேணா" என்றாள் சுகந்தி.